பிரேம்சந்த் ராய்சந்த்: பங்கு வேட்டையும் ஒரு மணிக்கூண்டும்

ஓவல் மைதானத்தின் ஓரமாக நடந்து செல்பவர் எவரும் ராஜாபாய் கோபுரத்தை நிமிர்ந்து பாராமல் போவதில்லை. நம் பல்கலைக் கழகத்தின் கோட்டை வளாகத்தில், நூலகக் கட்டடத்தின் தலைமேல், 280 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கும் மணிக்கூண்டு அது. 2018-ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்ட மும்பைக் கட்டடத் தொகுதியில் அதுவும் அடங்கும். ராஜாபாய் என்பது ஏதோ ஓர் அரசியின் பெயர் என்று எண்ணுவோர் நம் மாணவர்களிடையே உண்டு. அவர் அரசி அல்லர். ஒரு பங்குத் தரகரின் தாய். அந்தத் தரகரின் பெயர் பிரேம்சந்த் ராய்சந்த்.

இந்நாளில் மாணவர் விடுதிகளில் தேர்வைப் பற்றிய பேச்சுக்கு அடுத்தபடியாக அடிபடுவது புதுப் பங்கு வெளியீடுகளைப் பற்றிய பேச்சுதான். ஐ.பி.ஓ. என்ற மூன்றெழுத்து நம் நண்பர்களுக்கு நன்கு பழகிவிட்டது. எந்தக் கம்பெனி வெளியிடுகிறது, ஒதுக்கீடு கிடைத்ததா, சந்தையில் பட்டியலாகும் முதல் நாளிலேயே விலை எவ்வளவு ஏறும் என்பனவே கேள்விகள். இக்கலையைக் கற்க விரும்புவோர் படிக்கவேண்டிய முதற் பாடம் நம் நகரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1864, 1865 ஆகிய ஆண்டுகளில் இந்நகரம் புதுப் பங்குகளுக்காகப் பித்தேறித் திரிந்தது. அந்த ஆட்டத்தின் நடுநாயகமாக நின்றவர் பிரேம்சந்த். ஆகவே அவருடைய வாழ்க்கையைச் சுருக்கமாக எழுத முற்பட்டேன். அந்நாளில் பம்பாய் என்று வழங்கிய இந்நகரை இக்கட்டுரையில் அப்பெயராலேயே குறிப்பிடுகிறேன்.

இளமையும் தொழிலும்

பிரேம்சந்த் 1831-ஆம் ஆண்டில் சூரத் நகரில் ஒரு ஜைன வணிகக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த். ஒரு காலத்தில் மேற்குக் கடற்கரையின் தலைசிறந்த துறைமுகமாக விளங்கிய சூரத், அப்போது தன் பழம்பெருமையை இழந்துகொண்டிருந்தது. கப்பல்கள் பம்பாயை நாடின; கப்பல்களைத் தொடர்ந்து வணிகர்களும் வந்தனர். அவ்வாறு வந்த குடும்பங்களுள் இவருடையதும் ஒன்று.

சிறுவர் பிரேம்சந்த் எல்பின்ஸ்டன் கல்விச்சாலையில் ஆங்கிலம் பயின்றார். இது சாதாரணச் செய்தி போலத் தோன்றலாம். ஆனால் அக்காலத்து உள்நாட்டுத் தரகர்களுள் ஆங்கிலம் எழுதவும் பேசவும் படிக்கவும் தெரிந்த முதல்வர் அவரே என்று பம்பாய்ப் பங்குச் சந்தையின் வரலாறு கூறுகிறது. பாங்கு நடத்தியவரும், பருத்தி ஏற்றுமதி செய்த பெரிய கம்பெனிகளின் தலைவர்களும் ஆங்கிலேயர். பணம் வைத்திருந்த சேட்டுகளோ குஜராத்தியர். இருவருக்கும் இடையில் நின்று இருவர் பேச்சையும் நேரே புரிந்துகொள்ளக்கூடிய ஒருவருக்கு எத்தகைய வாய்ப்பு இருந்திருக்கும் என்று நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

1849-ஆம் ஆண்டளவில், பதினெட்டு வயதில், அவர் தொழிலில் நுழைந்தார். அப்போது பம்பாயில் பங்குத் தரகர் என்று சொல்லத்தக்கவர்கள் ஐந்தாறு பேருக்குமேல் இல்லை. டவுன் ஹாலுக்கு எதிரே மர நிழலில் கூடி, பாங்குப் பங்குகள் சிலவற்றைக் கைமாற்றிவிடுவதே அவர்கள் தொழில். பிரேம்சந்துக்கு வியக்கத்தக்க நினைவாற்றல் இருந்தது என்றும், பெரும் பேரங்களின் கணக்கையெல்லாம் எழுதாமல் மனத்திலேயே வைத்திருப்பார் என்றும் சொல்வதுண்டு. சில ஆண்டுகளுக்குள் அவர் தரகர்களுள் முதல்வரானார். 1860-இல் தரகர் தொகை அறுபது. 1862, 1863-க்குள் இருநூறைத் தாண்டியது. இந்தத் திடீர் வளர்ச்சிக்குக் காரணம் பம்பாயில் நிகழ்ந்த எதுவுமன்று. பல்லாயிரம் கல் தொலைவில் நடந்த ஒரு போரே காரணம்.

பருத்தியும் பணமும்

1861 ஏப்ரலில் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலைகள் வாங்கிய பருத்தியில் ஐந்தில் நான்கு பங்கு அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து வந்துகொண்டிருந்தது. வட மாநிலக் கடற்படை தென் துறைமுகங்களை முற்றுகையிட்டபோது அந்த வழி அடைபட்டது. ஆலைகள் பசியோடு நின்றன. அடுத்தபடியாகப் பருத்தி கிடைக்கக்கூடிய பெரிய நாடு இந்தியா. அதை ஏற்றுமதி செய்யும் முதன்மையான துறைமுகம் பம்பாய்.

குஜராத், காந்தேஷ், பேரார், தார்வார் முதலிய பகுதிகளிலிருந்து பருத்தி மூட்டைகள் வந்து குவிந்தன. விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏறிக்கொண்டே போயிற்று. வீட்டு மெத்தையையும் தலையணையையும் பிரித்துப் பஞ்சை எடுத்து விற்றவர்கள் உண்டு என்று கூறும் அளவுக்கு அந்த ஆசை பரவியது. முந்திய நாள்களில் நியாயமான விலையென்று கருதப்பட்டதற்கும் மேலாக, அந்த ஐந்தாண்டுகளில் பம்பாய்க்கு வந்து சேர்ந்த பணம் ஏழு கோடிப் பவுனுக்குக் குறையாது என்று அக்காலத்தவர் கணக்கிட்டனர்.

இவ்வளவு பணமும் எங்கே போகும்? பம்பாயில் முதல் நூற்பாலைக்கு அடி கோலியதே 1854-இல்தான். புதிய ஆலை கட்ட வேண்டுமானால் இயந்திரம் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். நிலம் குறைவு, தீவு சிறியது. விவசாயத்தில் முதலீடு செய்து கிணறு வெட்டவும் கால்வாய் வெட்டவும் வணிகர்களுக்கு மனமில்லை. இந்நிலையில்தான் கூட்டுப் பங்குக் கம்பெனி என்னும் புதிய கருவி அவர்கள் கைக்குக் கிடைத்தது. பங்குதாரரின் பொறுப்பு அவர் எடுத்த பங்கின் அளவோடு நின்றுவிடும் என்ற சட்டம் 1857-இல் இந்தியாவில் வந்தது. 1860-இல் பாங்குகளுக்கும் அது விரிந்தது. இச்சட்டம் நல்ல சட்டம். ஒருவர் தம் வீடு வாசலை இழக்காமல் ஒரு பெருந்தொழிலில் சிறு பங்கு எடுத்துக்கொள்ள அது வழி செய்தது. ஆனால் நல்ல கருவியும் அவசரக்காரர் கையில் எப்படியாகும் என்பதைப் பம்பாய் காட்டியது.

பங்கு மழை

அக்காலத்தில் ஒரு கம்பெனி பிறந்த விதத்தைத் தெரிந்துகொள்வது நமக்குப் பயன்படும். ஊரில் பெயர் பெற்ற சிலர் கூடி ஒரு திட்டத்தை அறிவிப்பார்கள். முதல் இவ்வளவு, பங்கு இவ்வளவு என்று குறிப்பார்கள். பங்குகளை யாருக்கு ஒதுக்குவது என்பது அத்தலைவர்களின் விருப்பம். ஒதுக்கீடு கிடைத்தவர் தொகையில் ஒரு பகுதியை மட்டும் செலுத்தினால் போதும். மீதியைக் கம்பெனி கேட்கும்போது கட்டலாம். கம்பெனி ஒரு செங்கல்லையும் எடுத்து வைக்குமுன்பே பங்கு பிரிமியத்தில் விற்கத் தொடங்கிவிடும். ஆகவே பங்கைப் பெறுபவருக்குக் கம்பெனி என்ன செய்யப்போகிறது என்ற கவலை தேவைப்படவில்லை. அடுத்தவர் அதிக விலைக்கு வாங்குவாரா என்பது ஒன்றே கவலை.

இந்த ஏற்பாட்டில் ஒதுக்கீடு என்பது பணத்தையே அள்ளிக் கொடுப்பதற்குச் சமம். அதைக் கொடுக்கும் செல்வாக்கு பிரேம்சந்திடம் இருந்தது. ஏஷியாட்டிக் பாங்கிங் கார்ப்பரேஷன் என்னும் பாங்கு அவர் செல்வாக்கில் நடந்தது. புதுக் கம்பெனிகள் பலவற்றுக்கு அவர் பெயரே முத்திரையாயிற்று. அவர் தொட்ட கம்பெனி உயரும் என்ற நம்பிக்கையால் பெரிய வணிகரும், சர்க்கார் அதிகாரிகளும், சிறு சேமிப்புக்காரரும் ஒருங்கே அவர் வாசலில் காத்துக் கிடந்தனர்.

திட்டங்களுள் தலையாயது பேக் பே கடல் நிரப்பும் கம்பெனி. பம்பாயின் மேற்குக் கரையில் கடலைத் தூர்த்து நிலமாக்கி, இரயில் பாதைக்கும் கட்டடங்களுக்கும் இடம் காண்பது அதன் நோக்கம். நோக்கம் பொய்யானதன்று, தீவு நகரத்துக்கு நிலம் உண்மையாகவே தேவைப்பட்டது. பம்பாய் அரசாங்கமே இதில் 400 பங்குகள் எடுத்துக்கொள்ள விரும்பியது. இந்திய அரசாங்கம் அதற்கு இசையவில்லை. எனவே அந்த 400 பங்குகளும் 1864-இல் ஏலத்துக்கு வந்தன. ரூ.5,000 செலுத்தப்பட்ட பங்கு ஒவ்வொன்றுக்கும் சராசரியாக ரூ.26,500 பிரிமியம் கிடைத்தது. ஏலத்தில் மட்டும் வந்த மிகைப் பணம் ஒரு கோடியே ஆறு லட்சம் ரூபாய். அப்போது அந்த நிலம் கடலுக்கு அடியில் கிடந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. பின்னும் ஏறி அப்பங்கு ஐம்பதாயிரம் ரூபாயைத் தொட்டது.

இதைப் பார்த்து ஊரே கிளம்பியது. பேக் பே போலவே வேறு கரைகளிலும் கடலை நிரப்பும் கம்பெனிகள் தோன்றின. 1865 ஜனவரியில் பம்பாயில் 31 பாங்குகளும், பங்கின்மேல் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட 16 நிதிச் சங்கங்களும், 8 நிலக் கம்பெனிகளும் இருந்தன. ஒரு நகரத்துக்கு முப்பத்தொரு பாங்குகள் எதற்கு என்று கேட்டவர்கள் குறைவு.

சுழன்ற பணம்

பருத்தியில் வந்த பணம் மட்டுமே இவ்வளவு உயரத்துக்கு விலையை ஏற்றியிருக்க முடியாது. அதற்கு உதவியாக நின்றது கடன். பம்பாய் பாங்கு 1840-இல் தோன்றிய மாகாணப் பாங்கு. அரசாங்கமே அதில் பங்குதாரர். பழைய சட்டம் அப்பாங்கைக் கண்டபடி கடன் கொடுக்க விடாமல் கட்டி வைத்திருந்தது. 1863-இல் வந்த புதிய சட்டம் அந்தக் கட்டுகளைத் தளர்த்தியது. அதன் பிறகு புதுக் கம்பெனிப் பங்குகளை ஈடாகப் பெற்றுக்கொண்டு பாங்கு கடன் கொடுத்தது. பாங்கின் காரியதரிசியிடமும் இயக்குநர்கள் சிலரிடமும் பிரேம்சந்துக்கு இருந்த செல்வாக்கு அளவு கடந்தது. அவர் சொன்னவர்களுக்குக் கடன் கிடைத்தது, அவருக்கும் கிடைத்தது.

இதன் விளைவை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவர் பங்கு வாங்குகிறார். அதை ஈடு வைத்துக் கடன் பெறுகிறார். அக்கடனைக் கொண்டு மேலும் பங்கு வாங்குகிறார். அதனால் பங்கின் விலை ஏறுகிறது. விலை ஏறிவிட்டதால் அதே ஈட்டுக்கு இன்னும் அதிகக் கடன் கிடைக்கிறது. வட்டம் மீண்டும் தொடங்குகிறது. இயற்பியல் படிப்பவர்களுக்கு இது ஒரு பழைய கனவை நினைவூட்டும். வெளியிலிருந்து ஆற்றல் ஏதும் பெறாமல் தானே என்றும் சுழன்றுகொண்டிருக்கும் பொறியைச் செய்துவிட வேண்டும் என்று முன்னாளில் பலர் முயன்றனர். அத்தகைய பொறி இயலாதென்று நாம் முதலாண்டிலேயே படித்துவிடுகிறோம். பம்பாயின் பங்குப் பொறிக்கும் வெளியிலிருந்து வந்த ஆற்றல் ஒன்று உண்டு. அது பருத்தி விலை. அந்த ஊற்று அடைபட்டால் பொறி நிற்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சக்கரம் வேகமாகச் சுழலும்போது அதற்குச் சொந்த ஆற்றல் இருப்பது போலவே தோன்றும்.

இதற்குமேல் தவணைப் பேரம் என்ற ஒன்றும் நடந்தது. இன்று விலை பேசிக்கொண்டு, குறித்த ஒரு நாளில் பணம் கொடுத்துப் பங்கை வாங்குவதாக ஒப்பந்தம். கையில் பணமும் வேண்டாம், பங்கும் வேண்டாம், வாய்ச்சொல்லே முதல். இவ்வாறு பேசப்பட்ட பேரங்களுள் மிகப் பல 1865 ஜூலை முதல் தேதியில் தீரவேண்டியவை.

சரிவு

1865 ஏப்ரல் 9-ஆம் தேதி தென் மாநிலப் படைத் தலைவர் லீ சரணடைந்தார். போர் முடிந்தது. அச்செய்தி பம்பாய்க்கு எட்டியதும் பருத்தி விலை சரிந்தது. நூறு பேர் வாழ்வதும் நூறு பேர் வீழ்வதும் வணிகத்தில் இயல்பே. ஆனால் இங்கே ஒருவருடைய கடன் மற்றொருவருடைய சொத்தாக இருந்தது. ஒருவர் விழுந்தால் அவருக்குக் கொடுத்தவரும் விழவேண்டும். மே மாதத்திலேயே பெரிய வணிகர்கள் முறியத் தொடங்கினர். ஜூலை முதல் தேதி வந்தபோது, வாங்குவதாக ஒப்புக்கொண்டவர்களிடம் பணம் இல்லை. விற்க வந்தவர்களிடம் இருந்த பங்கைக் கேட்பாரும் இல்லை.

ஐம்பதாயிரம் ரூபாயைத் தொட்ட பேக் பே பங்கு இரண்டாயிரத்துக்கும் கீழே போயிற்று. ரூ.2,850-க்கு விற்ற பம்பாய் பாங்குப் பங்கு ரூ.87-க்கு விலைப்பட்டது. பாங்கின் பங்கைத் தம் முதுமைக்குப் பாதுகாப்பு என்று வாங்கி வைத்திருந்தவர்கள் எத்தனை பேரோ! அவர்கள் எந்தத் தவணைப் பேரத்திலும் ஈடுபட்டவர்கள் அல்லர். பங்குத் தொகையில் ஒரு பகுதியை மட்டும் கட்டியிருந்தவர்களை மற்றொரு தொல்லை வந்து பற்றியது. மீதித் தொகையைக் கட்டச் சொல்லிக் கம்பெனிகள் கேட்டன. மதிப்பிழந்த காகிதத்துக்கு மேலும் பணம் கொடுக்கவேண்டிய நிலை அவர்களுக்கு.

கடனாளிகள் தொகை பெருகிவிட்டதால் அவர்கள் விவகாரங்களைத் தீர்ப்பதற்கென்றே 1865-இல் ஒரு தனிச் சட்டம் செய்யவேண்டியிருந்தது. பேக் பே கம்பெனி கலைக்கப்பட்டது. அது நிரப்பிய சிறு பகுதி அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று.

யார் பொறுப்பு?

பிரேம்சந்த் உடனே விழவில்லை. ஓராண்டு தாக்குப்பிடித்தார். 1866-இல் ஏஷியாட்டிக் பாங்கு மூடப்பட்டது, அவரும் முறிந்தார். பம்பாய் பாங்கும் நிலைக்கவில்லை. அரசாங்கம் பங்குதாரராக இருந்த பாங்கே கவிழ்ந்ததால் பெருங்கூச்சல் எழுந்து, 1868-இல் விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. தளர்ந்த சட்டம், வலுவற்ற காரியதரிசிகள், கண்ணை மூடிக்கொண்டிருந்த இயக்குநர்கள், பிரேம்சந்தின் பேரில் சென்ற பெருங்கடன்கள் ஆகிய யாவும் அவ்விசாரணையில் வெளிவந்தன. அதே 1868-இல் புதிய பம்பாய் பாங்கு தொடங்கியது. அதுவே 1921-இல் இம்பீரியல் பாங்கிலும், அதன் வழியாக 1955-இல் இன்றைய ஸ்டேட் பாங்கிலும் கலந்தது.

பிரேம்சந்தை நாம் எப்படி மதிப்பிடுவது? அவரை வள்ளல் என்று மட்டும் பாராட்டி எழுதுவோர் பம்பாய் பாங்கின் கதையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். சூதாடி என்று மட்டும் ஏசுவோர் மற்றதை மறந்துவிடுகின்றனர். அவர் ஏமாற்றிவிட்டு ஓடியவர் அல்லர் என்பது தெளிவு. பிறரை எந்தப் படகில் ஏற்றினாரோ அதே படகில் தாமும் இருந்தார். தம் செல்வம் முழுவதையும் அதிலேயே வைத்திருந்தார். ஆனால் தம் பெயரை நம்பித்தான் மக்கள் வருகிறார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். தம் சொல்லுக்கு ஒரு பாங்கு தலையசைக்கிறது என்பதையும் அறிந்திருந்தார். அத்தகைய செல்வாக்குடையவர் தவறு செய்தால், அதன் விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை. இதை மறைக்காமல் சொல்லிவிட்டுத்தான் அவருடைய கொடையைப் பற்றிப் பேசவேண்டும்.

எஞ்சி நின்றது

செல்வம் பெருகிக்கொண்டிருந்த நாளிலேயே அவர் கல்விக்காக வாரி வழங்கினார். சூரத்தில் பெண்கள் பள்ளிக்கும், பரூச்சில் நூலகத்துக்கும் தந்தையின் பெயரால் கொடுத்தார். பெண்கள் பள்ளிக்குப் பணம் கொடுப்பது அக்காலத்து வணிகர்களிடையே அரிய செயல். 1864-இல் பம்பாய்ப் பல்கலைக் கழகத்துக்கு நூலகம் கட்ட இரண்டு லட்சம் ரூபாயும், சில வாரங்களுக்குள் தம் தாயின் பெயரால் மணிக்கூண்டு எழுப்ப மேலும் இரண்டு லட்சமும் அளித்தார். அப்போது பல்கலைக் கழகத்துக்கு வயது ஏழு. சொந்தக் கட்டடம் இல்லை.

பணம் கொடுத்தவர் முறிந்த பிறகே வேலை தொடங்கியது என்பது கவனிக்கத்தக்கது. 1869-இல் அடிக்கல் நாட்டி 1878-இல் முடித்தார்கள். வரைபடம் வகுத்தவர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் கில்பர்ட் ஸ்காட். அவர் பம்பாயைப் பார்த்ததே இல்லை. ராஜாபாய் கண்பார்வை இழந்தவர் என்றும், கதிரவன் மறையுமுன் உணவு கொள்ளும் ஜைன நெறியை வழுவாது காக்க நேரத்தை அறிவிக்கும் மணியோசை அவருக்கு உதவிற்று என்றும் ஒரு செய்தி வழங்குகிறது.

பிரேம்சந்தின் தொழில் கவிழ்ந்த அதே 1866-ஆம் ஆண்டில் கல்கத்தாப் பல்கலைக் கழகத்துக்கும் அவர் இரண்டு லட்சம் கொடுத்தார். கல்கத்தா அவர் ஊர் அன்று. அங்கே அவருக்கு உறவினரும் இல்லை. அந்தத் தொகையிலிருந்து பிறந்ததே பிரேம்சந்த் ராய்சந்த் உபகாரச் சம்பளம். வங்காளத்தில் பெயருக்குப் பின்னால் பி.ஆர்.எஸ். என்று போட்டுக்கொள்வது பெரும்பட்டத்துக்கு இணையான பெருமையாயிற்று. கணிதத்தில் சிறந்த ஆசுதோஷ் முகர்ஜி அதைப் பெற்றவர். வரலாற்றறிஞர் ஜதுநாத் சர்க்கார் பெற்றவர். வானியற்பியலில் தம் பெயரால் வழங்கும் சமன்பாட்டைத் தந்த மேகநாத் சாஹா 1919-இல் அதைப் பெற்று, அதன் உதவியோடு ஐரோப்பா சென்று ஆராய்ச்சி செய்தார். ஆசுதோஷ் முகர்ஜிதான் பின்னாளில் துணைவேந்தராக இருந்து, நிதித் துறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த நம் சர். சி. வி. ராமனைக் கல்கத்தாவின் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தவர். பம்பாய்ப் பருத்திப் பணத்தில் ஒரு துளி எங்கெல்லாம் போய்ப் பயிர் வளர்த்தது பாருங்கள்!

பிரேம்சந்த் முறிந்தபின் ஒளிந்துவிடவில்லை. மீண்டும் தரகுத் தொழிலுக்கே வந்தார். பழைய செல்வம் திரும்பவில்லையென்றாலும், பழைய மரியாதையில் பெரும்பகுதி திரும்பியது. 1875-இல் உள்நாட்டுத் தரகர்கள் ஒன்றுகூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்தபோது அதை நிறுவியவர்களுள் அவரும் ஒருவர். மரத்தடியில் கூடியவர்கள் ஓர் ஒழுங்குக்கும் விதிக்கும் உட்படவேண்டும் என்ற எண்ணம், சரிவைக் கண்ணால் கண்டவர்களுக்குத் தோன்றியதில் வியப்பில்லை. அச்சங்கமே இன்று தலால் தெருவில் வானளாவ நிற்கும் பம்பாய்ப் பங்குச் சந்தை. 1906-ஆம் ஆண்டில், எழுபத்தைந்தாம் வயதில், பிரேம்சந்த் காலமானார்.

நமக்கு

அந்தக் காலத்துக்கும் நம் காலத்துக்கும் வேற்றுமைகள் பல. இன்று பங்கு வெளியிடும் கம்பெனி தன் கணக்கையும் கடனையும் வழக்குகளையும் இடர்களையும் பிராஸ்பெக்டஸ் என்னும் விவர அறிக்கையில் வெளிப்படையாக எழுதவேண்டும். 1992-இல் சட்ட அதிகாரம் பெற்ற செபி அதை மேற்பார்க்கிறது. சிறு முதலீட்டாளர்களுக்கெனத் தனிப் பகுதி உண்டு. விண்ணப்பங்கள் மிகுந்துவிட்டால் குலுக்கல் முறையில் ஒதுக்கீடு நடக்கிறது. தலைவரின் வாசலில் காத்து நிற்கவேண்டியதில்லை. ஒதுக்கீடு ஆகும்வரை பணம் நம் பாங்குக் கணக்கிலேயே தடுத்து வைக்கப்பட்டிருக்கும். இவையெல்லாம் பல சரிவுகளைக் கண்டு, பலருடைய இழப்பைக் கொண்டு கற்ற பாதுகாப்புகள்.

மாறாதது ஒன்று உண்டு; அது வாங்குபவரின் மனம். பட்டியலாகுமுன்பே வெளியில் பேசப்படும் கள்ளச் சந்தை பிரிமியத்தைக் கேட்டு விண்ணப்பம் போடும் நண்பருக்கும், பேக் பே ஏலத்தில் கை தூக்கியவருக்கும் என்ன வேற்றுமை? அந்த பிரிமியத்தை யாரும் மேற்பார்ப்பதில்லை. அதற்குப் பொறுப்பேற்பாரும் இல்லை. 2021 ஏப்ரல் முதல் 2023 டிசம்பர் வரை வந்த வெளியீடுகளை ஆராய்ந்து செபி 2024-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. தனிநபர்களுக்கு ஒதுக்கப்பட்ட பங்குகளில், மதிப்பின்படி, ஏறத்தாழப் பாதி ஒரே வாரத்துக்குள் விற்கப்பட்டன என்று அது கூறுகிறது. ஒரு வாரத்தில் விற்றுவிடப் போகிறவருக்கு அக்கம்பெனி பத்தாண்டுகளில் என்ன செய்யும் என்ற கேள்வி எழாது. 1864-இலும் அது எழவில்லை.

எனவே புதுப் பங்குக்கு விண்ணப்பம் செய்ய விரும்பும் நண்பர்கள் விவர அறிக்கையை எடுத்துச் சில கேள்விகளைக் கேட்டுப் பார்க்கட்டும். நாம் கொடுக்கும் பணம் கம்பெனிக்குப் போகிறதா, அல்லது பழைய பங்குதாரர் தம் பங்கை விற்று வெளியேறுவதற்குப் போகிறதா? கம்பெனிக்குப் போகிறதென்றால் அதைக் கொண்டு என்ன செய்யப்போகிறார்கள்? ஆலை கட்டவா, பழைய கடனைத் தீர்க்கவா? தொழிலில் வரும் இலாபம் அதன் சொந்த உழைப்பால் வருகிறதா, அமெரிக்கப் போர் போல என்றாவது முடியக்கூடிய ஒரு வெளிக்காரணத்தால் வருகிறதா? கடைசியாக, அந்தப் பணம் நம்முடையதா, கடன் வாங்கியதா? படிப்புக்கென்று ஊரிலிருந்து பெற்றோர் அனுப்பும் பணம் நம்முடையதல்ல என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இக்கேள்விகளுக்கு நல்ல விடை கிடைத்தால் தாராளமாகப் பங்கு வாங்கலாம். பலருடைய சிறு சேமிப்பு ஒன்று சேர்ந்தே பெருந்தொழில்கள் எழுகின்றன. அதில் பங்கு கொள்வது இழிவன்று. விடை கிடைக்காவிட்டால், ஊரே ஓடினாலும் நாம் ஓடவேண்டியதில்லை. பிரேம்சந்த் போன்ற கணக்கில் வல்லவரே, பத்துப் பதினைந்தாண்டு அனுபவத்துக்குப் பின்னும், எந்த நாளில் நிறுத்துவது என்று அறியாமல் போனார். அவருடைய பங்குக் காகிதங்களுள் ஒன்றுகூட இன்று எவருக்கும் ஒரு ரூபாய் தரப்போவதில்லை. அவர் கட்டித் தந்த நூலகத்தின் கதவு மட்டும் நமக்குத் திறந்தே இருக்கிறது. அங்கே போய் அந்த நாளின் வரலாற்றை விரிவாகப் படிக்க நண்பர்கள் ஒரு பிற்பகலைச் செலவிட்டால், விண்ணப்பம் போடுவதற்கு முன் அதைவிடச் சிறந்த தயாரிப்பு வேறில்லை.